பதினான்காம் விதி

பக்கத்து அறையில் யாரோ பணியாளர் கையேட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரையில் சாரல் விழும் ஓசைக்குள் அமுங்கி, ஒரே சுரத்தில் வந்த அந்தக் குரல் முதல் விதியை முடித்து இரண்டாவதற்குப் போனபோதுதான், அந்த அறை நாற்பது நாளாகப் பூட்டிக் கிடப்பது வேல்விழிக்கு நினைவு வந்தது. அது எண்ணெய்க் குளியல் அறை.

மாலை ஆறு மணிதான். சீசன் நாட்களில் குற்றாலத்து மலை ஆறு மணிக்கே இருட்டை இறக்கி வைத்துவிடும். லாட்ஜ் அலுவலகத்தில் அவள் மட்டும் இருந்தாள். மேஜையில் இருபத்தாறு கையேடுகள். ஒவ்வொன்றிலும் பதினான்காம் விதி இருந்த பழைய தாளை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும்.

"நாளைக்கு விசாரணைக்கு ஆளு வருதாவ. எல்லா புஸ்தகமும் ஒண்ணுபோல இருக்கணும், கேட்டியா?" என்று முதலாளி சங்கரபாண்டி மத்தியானம் போனில் சொன்னார். "சரிங்க அண்ணாச்சி" என்றாள். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. அதுதான் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

அருவிக்கு அழைத்துப்போன விருந்தினரை விட்டுப் பணியாளர் எக்காரணம் கொண்டும் அகலக்கூடாது என்பது பழைய விதி. சித்திரையில் நிர்வாகம் அதை மாற்றியது. அபாயச் சங்கு ஊதினால் யாருக்காகவும் நிற்காமல் வெளியேறிவிட வேண்டும். உத்தரவு வேல்விழியின் மேஜைக்கு வந்தது. தென்காசியில் கொடுத்து ஸ்பைரல் போட்ட புத்தகங்களைப் பிரித்துக் கோர்க்க அலுப்புப்பட்டு, சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். சீசனில்தான் வெள்ளம் வரும் என்பது தெரியாத ஊர்க்காரியா அவள்?

எண்ணெய் தேய்த்துவிடும் மந்திரமூர்த்திக்கு எழுத்து தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வேல்விழியே விதிகளை வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவாள். ஒருமுறை கேட்டதை மூர்த்தி மனப்பாடமாக வைத்திருந்தார். விருந்தினரின் முதுகைத் தேய்த்தபடியே ஒன்றிலிருந்து ஒப்பிப்பார். அருவியில் வெள்ளம் வந்த அன்றைக்குச் சங்கு ஊதியதும் எல்லோரும் வெளியே ஓட, அவர் மட்டும் தன் விருந்தினரைத் தேடி உள்ளே போனார். விருந்தினர் அதற்குள் வேறு பக்கமாக வெளியேறியிருந்தார். மூர்த்தியை மறுநாள் சிற்றாற்றில் எடுத்தார்கள்.

அன்றைக்கே வேல்விழி புதிய விதியை அச்செடுத்து, சித்திரைத் தேதி போட்டு, மூர்த்தியின் பெயருக்கு எதிரே தன் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.

பதினாறாம் நாள் முடிந்து அவர் மனைவி தங்கபுஷ்பம் வந்தாள். "வாசிச்சுக் காட்டினேம்மா, அவருதான் மீறிட்டாரு" என்று வேல்விழி அந்தத் தாளைக் காட்டினாள்.

தங்கபுஷ்பம் கைநாட்டை வெகுநேரம் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரவிய சொன்ன சொல்ல மீறுத ஆளு இல்லியே மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பஸ் குத்துக்கல்வலசையைக் கடக்கும்போது அவள் வீட்டுப் பக்கம் பார்க்க முடியாமல் வேல்விழி தலையைக் குனிந்துகொள்கிறாள்.

குரல் ஏழாம் விதிக்கு வந்திருந்தது. நல்லெண்ணெயில் ஓமமும் மிளகும் காய்ச்சிய வாசனை, ஈரத் துணியின் மக்கலோடு கலந்து, சுவரைத் தாண்டி வந்தது. அவள் ஜன்னலைத் திறந்து காவலாளி குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, எண்ணெய் ரூம்ல யாரு?"

"அங்கன யாரு இருக்கா மேடம்? சாவி உங்ககிட்டல்லா கெடக்கு!"

உண்மைதான். சாவி இழுப்பறையில் இருந்தது.

பத்து. பதினொன்று. அவள் வாசித்துக்காட்டிய அதே ஏற்ற இறக்கம். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அதுவும் மூச்சு வாங்கியது. பன்னிரண்டு. பதின்மூன்று.

நின்றது.

காத்திருந்தது. அவள் வாசிப்பதற்காக.

நான் உங்களுக்கு வாசிக்கவே இல்லை மூர்த்தி, தப்பு என்னுடையது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் நாளை விசாரணையிலும் அதையே சொல்ல வேண்டிவரும். வேலை போகும், ஊரே காறித் துப்பும். அவள் வாயைத் திறந்தாள். ஆனால் கை தானாகப் புதிய தாளை எடுத்தது.

"அபாயச் சங்கு ஊதியவுடன்..." என்று வாசித்தாள். கடைசி வரி வரை வாசித்தாள்.



பிறகு அந்தக் குரல், பாடம் கேட்ட பிள்ளை மாதிரி, வார்த்தை பிசகாமல் அதைத் திருப்பிச் சொன்னது.

"சரி மேடம். இப்பந்தான சொல்லுதீய" என்றது.

பூட்டு கழன்று விழுந்தது.

பையைக்கூட எடுக்காமல் வராந்தாவுக்கு ஓடினாள். வாசல் கண்ணாடிக் கதவு விரல் வைத்தால்தான் திறக்கும். கட்டைவிரலை வைத்தாள். திரையில் பெயர் வந்தது.

மந்திரமூர்த்தி.

கதவு திறக்கவில்லை. விரலைச் சேலையில் துடைத்து மறுபடி வைத்தாள்.

மந்திரமூர்த்தி.

முதுகுக்குப் பின்னால் நீர் சொட்டியது. அவள் திரும்பவில்லை. தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. ஊறி வெளுத்திருந்தது. தோலில் எண்ணெய் முத்து முத்தாக நின்றது. தன் முறை வந்ததுபோல், அவசரமில்லாமல், விரலை வைத்தது.

வேல்விழி.

கதவு திறந்தது. ஈரமாக ஏதோ அவளை உரசிக்கொண்டு வெளியே போனது. கதவு மூடிக்கொண்டது.

"வழுக்கும், பாத்துப் போங்க மேடம்!" குற்றாலிங்கம் குடையைப் பிடித்தபடி, மழைக்குள் நடந்த அதனிடம் சொன்னார்.

அவள் கண்ணாடியில் அறைந்தாள். கத்தினாள். வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

குற்றாலிங்கம் திரும்பினார். டார்ச்சை அடித்தார். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்ததும் குடை அவர் கையிலிருந்து நழுவியது.

"ஏலே... மூர்த்தி?"