மூடியபடி எடுத்த படம்

மலையுச்சி ஆய்வுக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பட்டப்பகல். மாமா, அதாவது அக்கா புருஷன், காபியும் கையுமாகக் கணினித் திரைமுன் உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் மாதிரியே இல்லை.

வேறு விண்மீன் திரள்களில் நடுத்தர எடைக் கருந்துளையைத் தேடியே அக்காவின் ஆயுசு போயிற்று. குட்டிகள் அகப்படும், ராட்சதங்களும் அகப்படும். இடைப்பட்டதுதான் கண்ணில் படாது. ஏதாவது நட்சத்திரத்தைப் பிய்த்து விழுங்கும்போது மட்டும் புள்ளியாக மின்னிவிட்டு அடங்கிவிடும். ஒரு திரளின் ஓரத்தில் அப்படியொரு புள்ளியை அவள் பிடித்தாள். "கேமரா கோளாறு" என்று தட்டிக்கழித்த மாமா, பிறகு ஆய்வுக்கூட இயக்குநரைக் கைக்குள் போட்டுக்கொண்டு அதையே தன் பெயரில் அறிவிக்க ஏற்பாடு செய்தார். அது தெரிந்த அன்று அழுதுகொண்டே காரை எடுத்தவள், மலைப்பாதை வளைவில் பள்ளத்தில் போய் விழுந்தாள்.

"நாளைக்கு அறிவிப்புல அக்கா பேரைப் போடுங்க மாமா."

"செத்தவளுக்கு எதுக்கும்மா பேரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பாட்டுக்கு வேலையைத் தொடங்கினார். இருட்டுவதற்கு முன் தொலைநோக்கியை மூடி வைத்தே சில படங்கள் எடுப்பார்கள். கேமராவின் சொந்தக் குறைகளைக் கண்டு கழிப்பதற்காக. வெறும் கருப்புதான் வரவேண்டும்.

ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தது.

மறுபடி எடுத்தார். புள்ளி பெரிதாகியிருந்தது.

அறையில் பெட்ரோல் வாடை அடித்தது.

"மூடி... சரியா மூடலை போல," என்று முணுமுணுத்தபடி மேலே தொலைநோக்கி மேடைக்கு ஏறினார்.

திரையில் அடுத்த படம் தானாகவே வந்தது. இப்போது இரண்டு புள்ளிகள். ஒன்று மற்றொன்றை நோக்கி நூலாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

"விடுடீ!"

மேலேயிருந்து மாமாவின் ஒரே ஒரு குரல்தான். ஓடிப்போய்ப் பார்த்தேன். மூடி இறுக மூடியே இருந்தது. மாமா இல்லை. அங்கிருந்து இறங்க வேறு வழியும் இல்லை.

நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னேன்.

அறிவிப்பு அக்கா பெயரில்தான் வந்தது. மாமா காணாமல் போன அன்றே அந்தத் திரளின் ஓரம் மறுபடி மின்னியதாம். அக்காவோடு வேலை பார்த்த தோழி போனில் சொன்னாள்:

"அந்த வெளிச்சம் அங்கேருந்து கிளம்பியே கோடிக்கணக்கான வருஷம் ஆச்சுடி."

நேற்று மறுபடி கூப்பிட்டாள். கிசுகிசுவென்றுதான் பேசினாள்.

"இன்னும் அடங்கலை. இன்னொண்ணை இழுத்துக்கிட்டிருக்கு."

மாமாவுக்கு ஆமாம் சாமி போட்ட இயக்குநரைக் காலையிலிருந்து காணோமாம்.