மாப்பிள்ளை கட்டிய சாக்கு

ஓய்வு பெற்ற ஏட்டையா, தையல்காரர் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கொல்லர் இரண்டாக உடைந்த அரிவாளைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார்.

"கொல்லர் விழாவுல அங்கேயே நான் அடிச்சது, ஊரே பாக்க, ஒரே வெட்டுல உடைஞ்சுது. இரும்பு வாங்கியாந்தது என் தங்கச்சி புருஷன், அவனும் கொல்லன்தான். மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான். நிரூபிச்சுக் குடுங்க."

"அவரை அங்கேயே அறைஞ்சீங்களாமே?"

"பின்னே கொஞ்சணுமா?"

காக்கி போட்ட எவனையும் கொல்லர் நம்பியதில்லை. ஆனால் தங்கை மூட்டை கட்டிவிட்டாள். நாலு மணி பஸ்ஸில் குடும்பத்தோடு மலையிறங்கப் போகிறார்களாம். அதற்குள் யார் பக்கம் நியாயம் என்று தெரிந்தாக வேண்டும்.

தையல்காரர் துள்ளினார். "மாப்பிள்ளை எதையோ மறைச்சிருக்காரு சார்! விழாவுல தன் உலையைச் சுத்திச் சாக்கு கட்டியிருந்தாரே!"

"ஆமா, 'புதுப்பொண்ணு சேலை மாத்துற இடமாடா இது'ன்னு நானே கேட்டேன்," என்று கொல்லர் சிரித்தார்.

"அதே இரும்புல மிச்சம் இருக்கா?" என்றார் ஏட்டையா.

இருந்தது. மூவரும் கொல்லரின் பட்டறைக்குப் போனார்கள். அதன் ஒரே ஜன்னலும் கரி படிந்து அடைத்திருந்தது. தையல்காரர் இருட்டில் முழங்காலை இரும்படிக்கும் பட்டடையில் இடித்துக்கொண்டு "அம்மா" என்றார். கொல்லர் மிச்சத் துண்டைக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, உடைத்துக் கொடுத்தார். ஏட்டையா அதையும் அரிவாளையும் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

"ஒரே இரும்புதான். இந்தத் துண்டு உடைஞ்ச எடம் சலிச்ச மாவு மாதிரி இருக்கு. அரிவாளோடது கல்லுப்பு மாதிரி. ஏன்?"

"சூடு மீறினா அப்படி வரும்." கொல்லரின் குரல் இறங்கியது.

"சூட்டை எப்படிப் பாப்பீங்க?"

"நெறத்தை வெச்சு."

"பட்டறை ஏன் இவ்வளவு இருட்டு?"

"நெறம் தெரியத்தான்."

"விழாவுல உங்க உலை எங்கே இருந்தது?"

மைதானத்தின் நடுவில், உச்சி வெயிலில். வெயிலில் பழுத்த இரும்பும் மங்கலாகத்தான் தெரியும். இன்னும் சூடு பற்றவில்லை என்று கொல்லர் அன்று துருத்தியை ஊதிக்கொண்டே இருந்தார்.

"அப்போ அந்தச் சாக்கு..." என்றார் தையல்காரர்.

"நெறம் பாக்க நிழல் கட்டினாரு. அவ்வளவுதான் கேஸ்," என்று ஏட்டையா கையைத் தட்டிக்கொண்டார்.

கொல்லருக்கு விழாவன்று காலை நினைவுக்கு வந்தது. "மச்சான், உங்களுக்கும் கட்டட்டுமா?" என்று மாப்பிள்ளை நாலு சாக்கு கொண்டுவந்தார். அதைக் கீழே போட்டுக் காலைத் துடைத்தது இவர்தான்.

பஸ் புறப்படத் தயாராக இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொல்லர் ஓடினார்.

"இரும்பு நல்ல இரும்பு! கெடுத்தது நான்!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார். மாப்பிள்ளை எதிரில் போய் நின்றார். கையெடுத்துக் கும்பிடத்தான் போனார்.

கை உயர்ந்ததும் மாப்பிள்ளை சட்டென்று கன்னத்தை மறைத்துக்கொண்டார்.