கட்டிலை மட்டும் நகர்த்தாதீர்கள்

இங்க்ரிட் அம்மாள் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் கேட்டது குடிதண்ணீரைப் பற்றித்தான். போர்ட் அந்தோனியோ துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் என் விடுதிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் முதல் கவலை. நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். சிவப்பு எண் பலகை இல்லாத வாடகை வண்டியில் ஏறக் கூடாது. அக்கிப் பழம் மரத்திலேயே தானாக வெடித்துத் திறந்தால்தான் பறிக்க வேண்டும், அவசரப்பட்டால் அது விஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளை நம்பிப் பயனில்லை, ஊரே தேவாலயத்தில் இருக்கும்.

அறைக் கதவைத் திறந்துவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னேன்.

"கட்டிலை மட்டும் நகர்த்தாதீங்க."

"ஏன் மிஸ் வினெட்? கால் உடைஞ்சிருக்கா?"

"ஆமா."

அது மகோகனிக் கட்டில். யானை ஏறிப் படுத்தாலும் தாங்கும். ஆனால் என் கணவன் லாசெல்ஸ் அந்த அறையில்தான் செத்தான் என்று சொன்னால் யார் தங்குவார்கள்?

கடைசி நாட்களில் அவனுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. உடம்பெல்லாம் பே ரம் தைலத்தைத் தேய்த்துத் தேய்த்து வீடு முழுக்க அந்தக் காரமான இலை வாசனைதான். ஒருநாள் காலை, புதினாத் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, தெளிவான குரலில் சொன்னான்: "நான் தனியா போக மாட்டேன் வின். சின்னவளைக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்." சின்னவள் என்றால் எங்கள் மகள் கெசாயா, நான்கு வயது. காய்ச்சல் பேச்சு என்றார்கள். அவன் கண்ணைப் பார்த்தவள் நான். அது காய்ச்சல் இல்லை.

அவன் செத்த ஒன்பதாம் இரவுக்கு ஊரே முற்றத்தில் கூடியது. வறுத்த மீன், வெள்ளை ரம், டொமினோ காய்களை மேசையில் அறையும் சத்தம், தொண்டை கிழியப் பாட்டு. பாட்டு முடிந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதைச் செய்தோம். ஜன்னலடியில் கிடந்த கட்டிலை உள்சுவரோரம் தள்ளினோம். கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தோம். திரும்பி வருகிற ஆவி எட்டிப் பார்க்கும், இது நம் அறை இல்லையென்று போய்விடும். என் தோழி க்ளோவர், என் சமையல்கட்டில் பாதி அதிகாரம் அவளுக்குத்தான், வெற்றறையைப் பார்த்து அதட்டினாள்: "போதும்டா லாசெல்ஸ். உனக்கு இங்க இடமில்ல. போய்ச் சேரு."

அவன் போனான். கெசாயா நிம்மதியாகத் தூங்கினாள். நானும் தூங்கினேன்.

இங்க்ரிட் அம்மாள் வந்த மறுநாள் காலை சந்தோஷமாகச் சாப்பிட்டார். "விடியும்போது படுத்தபடியே கடலைப் பார்த்தேன்! என்ன அழகு!" அடுப்பில் மாவு உருண்டைகள் பொரிந்துகொண்டிருந்தன. நான் சும்மா தலையாட்டினேன். அவர் அருவி பார்க்கக் கிளம்பிப் போனார்.

மதியம் மழை பிடித்தது. தகரக் கூரையில் இரைச்சல். துணிகளை உள்ளே எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உள்சுவரோரம் படுத்தால் கடல் தெரியாது.

"க்ளோவர், கெசாயா எங்க?"

"உன்கூடத்தானே இருந்தா?" சமையல்கட்டில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

நடையில் பே ரம் வாசனை அடித்தது. அந்த வீட்டில் ஒரு சொட்டு பே ரம் கிடையாது. அவன் போன அன்றே எல்லாப் புட்டிகளையும் ஆற்றில் வீசியிருந்தேன். கதவுக்குப் பின்னால் கட்டில் ஒருமுறை முனகியது. படுத்திருப்பவர் புரண்டு எழுந்து உட்காரும்போது வருமே, அந்த முனகல்.

திறந்தேன்.

கட்டில் ஜன்னலடியில் இருந்தது. பழைய இடத்தில், ஒரு விரற்கடைகூடப் பிசகாமல்.

கெசாயா அதன் விளிம்பில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது.

"அம்மா, அப்பாவுக்கு வழி தெரிஞ்சிருச்சு," என்றாள்.

நான் அலறவில்லை. அலறினால் பிள்ளை பயப்படுவாள் என்ற அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது. அவளைத் தூக்கி வாசல்படியில் நிறுத்தினேன். க்ளோவர் ஓடிவந்தாள். ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்தது.

"அந்தப் பக்கம் பிடிடி. வாயை மூடிக்கிட்டு இழு."

இழுத்தோம். இரண்டு பேரும் வியர்த்துக் கொட்ட இழுத்தோம். முந்தைய நாள் இங்க்ரிட் கிழவி தனியாக நகர்த்திய கட்டில், ஆள் படுத்திருப்பது போலக் கனத்தது. எப்படியோ சுவரோரம் சேர்த்தோம். கண்ணாடியையும் மறுபடி சுவர் பக்கம் திருப்பினோம்.

"முடிஞ்சுது வின். இனிமே அவனுக்கு அடையாளம் தெரியாது."

வாசல்படியிலிருந்து கெசாயா சிரித்தாள்.

"தெரியும் அத்தை. நீங்க இழுக்கறத அப்பா பார்த்துக்கிட்டுதான் இருக்கார்."

க்ளோவரின் முகம் சாம்பலாகிவிட்டது. வெளியே போனவனைத்தான் அப்படி ஏமாற்ற முடியும். வீட்டுக்குள் நிற்பவனை எந்தக் கட்டிலை நகர்த்தி ஏமாற்றுவது?

"ஓடு," என்று கிசுகிசுத்தாள். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடு. கிங்ஸ்டன்ல உன் அக்கா வீட்டுக்குப் போயிடு. நான் இங்க வாசல்ல நிக்கறேன்."

தூக்கத்தான் பார்த்தேன். என் நான்கு வயதுப் பெண்ணை என்னால் தரையிலிருந்து ஒரு சாண்கூட உயர்த்த முடியவில்லை. அதனால் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். மழை சாட்டையாக அடித்தது. வாழைத்தோப்பைத் தாண்டினோம். கீழே சாலையில் ஒரு வாடகை வண்டி விளக்கைப் போட்டு நின்றது. நான் கத்தியதும் ஓட்டுநர் கதவைத் திறந்தான்.

"ஏறுங்க மேடம், சீக்கிரம். பின்னாடி மூணு பேர் தாராளமா உக்காரலாம்."

"ரெண்டு பேர்தான் தம்பி," என்று சொல்லிக்கொண்டே கெசாயாவைப் பார்த்தேன்.

அவளுடைய ஒரு கை என் கையில் இருந்தது. மறு கை கீழே தொங்கவில்லை. உயரமான ஒருவன் பக்கத்தில் நடந்துவந்தால் அவன் கை எங்கே இருக்குமோ, அங்கே தூக்கியபடி இருந்தது. அவ்வளவு மழையிலும் அந்தச் சின்ன விரல்கள் மட்டும் நனையவில்லை.

நான் இழுத்தேன்.

அந்தப் பக்கமும் இழுத்தது.