நான்கு விரல் கூடுதல்

அம்மா தைத்துக் கொடுத்த புதுச்சட்டையின் கை நான்கு விரல் நீளமாக இருந்தது.

குச்சி கையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. ஆளைத் தூரத்தில் பார்த்தே அளவு சொல்லிவிடும் தையல்காரி அம்மா. இதுவரை ஒரு நூல் பிசகியதில்லை.

“கை நீளமா இருக்கும்மா.”

“சரியாத்தான் இருக்கு. அசையாத, முதுகுல ரெண்டு தையல் போட்டுக்கறேன்.”

நாளையிலிருந்து நீயும் கடையில் உட்காரலாம், அதற்குத்தான் இந்தச் சட்டை என்று அம்மா காலையில் சொல்லியிருந்தாள். பதினாறு வயதுவரை குச்சி காத்திருந்த வார்த்தை. இப்போது முதல் சூரியன் இறங்கி, இரண்டாவது சூரியனின் செம்பு வெளிச்சம் தையல் அறைக்குள் சாய்ந்திருந்தது. சூடான இஸ்திரிப் பெட்டியின் வாடைக்கும் ஈரத்துணியின் வாடைக்கும் அடியில், ஒரு மாதமாக ஊரெல்லாம் வீசுகிற அந்தச் சேற்று நாற்றம் இருந்தது. தூரத்தில், கடல் பக்கம், இற்றுப்போன துணியில் தையல் விடுவதுபோல் பட், பட் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பார்கள். முன்னூறு வருடத்துக்கு முன் கடல் கிழிந்து உள்ளேயிருந்து இருட்டு ஊருக்குள் புகுந்தபோது, ஊசியோடு போய்த் தண்ணீரையே தைத்து மூடியவள் இந்த வீட்டு மூதாய். நீரையும் நிழலையும் தைக்கிற கை அவளுக்கு முன்னும் யாருக்கும் இல்லை, பின்னும் இல்லை. தையல் விட்டால் அவளே வந்து போடுவாள். எப்படி வருவாள் என்று மட்டும் குச்சி கேட்டதில்லை.

“அக்கா, நீயாவது சொல்லேன். கை நீளந்தானே?”

குச்சி என்று பேர் வைத்தவளே அக்காதான். உனக்கெதுக்குடி துணி, நூலைச் சுத்திவிட்டாப் போதும் என்பாள் மற்ற நாளில். இன்று ஜன்னலைப் பார்த்தபடியே நின்றாள்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நகர்ந்தாள். மேசைமேல் அளவு நோட்டு திறந்திருந்தது. பழுப்பேறிய பக்கம். மேலே ஒரே ஓர் அளவு. கை, நான்கு விரல் கூடுதல். அதன் கீழே பெண்களின் பேர்கள், வேறு வேறு மையில். அவர்களைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதே இல்லை. கடைசிக்கு முந்தியது அக்காவின் பேர். அடித்திருந்தது. அதற்கடியில், எழுதப் பழகும் பிள்ளையின் கோணல் எழுத்தில், குச்சி.

அக்காவின் எழுத்து.

“எனக்கு அப்ப ஆறு வயசுடி,” என்றாள் அக்கா, ஜன்னலிடம். “அம்மாதான் கையைப் புடிச்சு எழுத வச்சா.”

குச்சி பித்தானைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. துணி தோளோடு ஒட்டியிருந்தது. முதுகில் இரண்டு இடத்தில் சுரீரென்றது. அம்மா துணியை மட்டும் தைக்கவில்லை.

“அம்மா, கழட்டும்மா.”

அம்மா அழுதுகொண்டிருந்தாள். கை நீட்டவில்லை.

பட்.

இந்த முறை அறைக்குள்.

சட்டைக் கைக்குள் ஏதோ நீண்டது. ஈரக் கயிறுபோல் எலும்பு இழுபட்டது. ஒரு விரல். இரண்டு. மூன்று.

அம்மா தரையில் மண்டியிட்டாள். பிறந்ததிலிருந்து வாடி, போடி என்று கூப்பிட்ட வாய்.

“அளவு சரியா இருக்குங்களா?”

அம்மா என்று கத்தப் பார்த்தாள் குச்சி. உதடு அசையவில்லை.

விளிம்பில் நகங்கள் தெரிந்தன. உப்புப் பூத்த நீண்ட விரல்கள் வெளியே வந்து மேசையிலிருந்த ஊசியை எடுத்தன. நூலின் நுனியை ஈரமாக்க, அதை அவள் வாயருகே கொண்டுவந்தன.

அதற்கு மட்டும் உதடு திறந்தது.