இருபத்து மூன்றாவது நிமிடம்

முகுந்தன் டிவிக்கு முன்னால் மண்டியிட்டு, டிவிடியின் மேல் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கரைக் கட்டைவிரல் நகத்தால் அவசர அவசரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். ‘அமரர் சிவநேசன்’ என்று அவனே அச்சடித்து, அவனே ஒட்டியது. ‘அமரர்’ மட்டும் கிழிந்து நகக்கண்ணில் சிக்கிக்கொண்டது. ‘சிவநேசன்’ வரமாட்டேன் என்றது.

“ஸ்டிக்கர்தான்க்கா கோளாறு. ஒரு பக்கம் கனமாயிட்டா சுத்தறப்ப டிஸ்க் ஆடும். ஆடுனா படம் நின்னுரும்.”

சோபா நுனியில் உட்கார்ந்திருந்த வாணி அவன் கையையே பார்த்தாள். “மொத டிஸ்க்க வேகமா பர்ன் பண்ணிட்டேன்னீங்க. ரெண்டாவதுக்கு, கம்பெனி சரியில்லன்னீங்க. இது மூணாவது தம்பி. எல்லாம் ஒரே எடத்துலதான் நிக்குது.”

“இருபத்து மூணாவது நிமிசம்தானே? பாத்துரலாம்.”

“நான் நிமிசம் சொல்லவே இல்லியே.”

நகம் வழுக்கியது.

“போன்ல சொன்னீங்கக்கா,” என்றான் திரும்பாமல்.

சாலாக் செலாத்தான் வட்டாரத்தில் மணி நாலுதான் ஆகியிருந்தது. ஆனால் மழைக்கு முந்தைய அந்தக் கறுப்பு மேகம் வீட்டுக்கூரை வரை இறங்கி வந்து ஜன்னலில் முகம் வைத்திருக்க, கூடத்தில் ஊதுபத்திப் புகையும், வாளியில் கிடந்த சாமந்தியின் ஈரவாடையும், தரை துடைத்த பினாயிலும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் வந்து நின்றன. மூலையில் அவள் கணவர் சிவநேசனின் படம், மாலையோடு. அதன் கீழே, அவர் உயிரோடு இருந்தவரை மாற்றவே விடாத, முதுகு பருத்த பழைய கண்ணாடி டிவி.

நாளை பதினாறாம் நாள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கன்னையா எட்டிப் பார்த்தார். “என்ன பாஸ், இன்னும் ஓடலியா? லென்ஸ் அழுக்குலா. என் கரோக்கே செட்டும் இப்படித்தான், பாதிப் பாட்டுல மூச்ச விட்டுரும்.”

“பாத்துக்கிட்டு இருக்கேன்ணே.”

“நல்லாத் தொடச்சுப் போடு. தொடைக்கிறதுக்கு ஒனக்குச் சொல்லியா தரணும்? அன்னிக்குப் பெட்டிக் கண்ணாடியக்கூட விடலியே நீ!” சிரித்துக்கொண்டே அவர் அடுத்த அடுக்கை எடுக்கப் போனார்.

முகுந்தன் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைத்தான். வட்டமாகத் துடைக்கக் கூடாது. அது அவனுக்குத் தெரியும். எல்லாமே அவனுக்குத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல் மாடியில் பதினோரு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எடுத்துத் தள்ளியவன். இந்த மூன்று டிஸ்க்கும் அவன் கடையில் முழுதாக ஓடின. இங்கே வந்தால் நிற்கின்றன. இன்று தன் கடை பிளேயரையே தூக்கி வந்திருந்தான்.

“தம்பி,” என்றாள் வாணி. “இதுவும் நின்னுச்சுன்னா விட்டுருங்க. காலைல என் தம்பி குகன் செமினியில இருந்து லேப்டாப்போட வரான். கேமரா கார்டக் குடுத்தாப் போதுமாம், அவனே பாத்துக்குவானாம்.”

“எடிட் பண்ணாம நல்லா இருக்காதுக்கா.”

“அழகு யாருக்கு வேணும்? மூடி போடறப்ப நான் மயங்கி விழுந்துட்டேன். கடைசியா அந்த முகத்த நான் பாக்கலை. ஊரே பாத்துச்சு, நான் பாக்கலை. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்.”

அது ஒன்றுதான் அதில் இல்லை.

தகனத்துக்கு மறுநாள் கடையில் எடிட் செய்தபோது அந்தப் பதினோரு விநாடிகளை முகுந்தன் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிவநேசனின் முகத்தை அசையாத படமாக ஒட்டியிருந்தான். காரணம், கண்ணாடி. முகத்துக்கு நேரே கண்ணாடி வைத்த சவப்பெட்டி அது. விடிகாலையில் தூக்கத்திலேயே போனவர். ஆறு மணிக்கு டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். பத்து மணிக்குப் பெட்டி வந்தது. அழுகிறவர்கள் மேலே விழுகிறார்கள் என்று கண்ணாடியை அப்போதே இறுக்கிவிட்டார்கள். நாலு மணிக்கு மரமூடி போடும் முன் கடைசியாக எடுத்த அந்தப் பதினோரு விநாடியில், மூக்குக்கு நேரே கண்ணாடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளையாக ஒரு பனிப்படலம். வந்தது. சுருங்கியது. மறுபடி வந்தது.

கூட்டம். புழுக்கம். விளக்குச் சூடு. கண்ணாடி என்றால் பனி படியத்தான் செய்யும். இப்படித்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே கார்டையும் சுத்தமாக அழித்தான். அதற்குப் பிறகு அதே கார்டில் இரண்டு கல்யாணம் எடுத்தாயிற்று. நாளைக்குக் குகன் வந்து கேட்டால் என்ன சொல்வது?

டிஸ்க்கை உள்ளே தள்ளினான்.

“நான் டீ போடறேன்,” என்று எழுந்தவள் சமையலறை வாசலில் நின்றாள். “ஒண்ணு சொல்லவா? நின்னுருச்சுன்னதும் நான் அணைக்கலை. அப்படியே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். படம் நிக்குதுதான். ஆனா முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வேர்க்கிற மாதிரி இருக்கு தம்பி.”

போய்விட்டாள்.

டிவியில் தேவாரம் ஓடியது. மாலைகள், கால்கள், யாரோ ஒருவரின் கேவல். இருபது. இருபத்தொன்று. வெளியே முதல் துளி, நாளைக்காகப் போட்டிருந்த கூடாரத்தின் மேல் ‘பட்’ என்று விழுந்தது, பிறகு ஒன்று, பிறகு எண்ண முடியாமல் ஆயிரம். கன்னையா நாற்காலிகளை விட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு. முகுந்தன் தன் உள்ளங்கை டிவிடி கவரோடு ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் உணர்ந்தான்.

இருபத்து மூன்று நிமிடம் பதினான்கு விநாடி.

நின்றது.

சிவநேசனின் முகம். நெற்றியில் விபூதி. மூக்கில் பஞ்சு. பிளேயரின் பச்சை எண்களும் அப்படியே நின்றன. அவன் ஒட்டிய படம்தான். பதினோரு விநாடி. முடிந்ததும் நகர வேண்டும்.

எண்ணினான். ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

தேவாரம் நின்றுபோயிருந்தது. ஆனால் ஸ்பீக்கர் ஊமையாகவில்லை. மழைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று. மிக மெல்லியது. இழுத்து விடுவதுபோல. இழுத்து. விடுவதுபோல.

ஃபேனாக இருக்கும்.

நிமிர்ந்து பார்த்தான். ஃபேன் சுற்றவில்லை.

ரிமோட்டை அமுக்கினான். இல்லை. பிளேயரின் வாயைத் திறந்தான்; டிஸ்க் வெளியே வந்தது, சூடாக, உடம்புச் சூடாக. கையில் டிஸ்க் இருக்கிறது. திரையில் முகம் இருக்கிறது. அந்த முகத்தின் மூக்குக்கு நேரே வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

எலுமிச்சம்பழ அளவு.

வெட்டியது. அழித்தது. உலகத்தில் எங்குமே இல்லாதது.

பாய்ந்து டிவியின் பின்னால் கைவிட்டு பிளக்கைப் பிடுங்கினான். முகம் போயிற்று. பச்சை எண்கள் மட்டும் நின்றன. திரை கறுப்பு. கறுப்பில் அவன் முகம் தெரிந்தது, வாய் திறந்தபடி.

மழை மட்டும்.

மூச்சு விட்டான்.

கறுப்புக் கண்ணாடியில் படலம் இன்னும் இருந்தது.

சுருங்கியது.

வந்தது.

மஞ்சள் துணியை எடுத்துத் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான். கண்ணாடி கிரீச்சென்றது. போகவில்லை.

“என்ன தம்பி, கரண்ட் போச்சா?” டீ கிளாஸோடு வாணி வந்து நின்றாள். பார்த்தாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். “ஆவி படிஞ்சிருக்கு. தள்ளுங்க.” தோளில் கிடந்த துண்டால் ஒரு தடவை துடைத்தாள். இன்னொரு தடவை.

அவள் கை நின்றது.

துண்டு கீழே விழுந்தது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். பிறகு, மெதுவாக, கன்னத்தை. அவள் கன்னம் பட்ட இடத்துக்கு நேரே, மறுபக்கம், வெள்ளை பெரிதாகிக்கொண்டே வந்தது.

“தம்பி.” அவள் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. “அன்னிக்கும் தொடச்சீங்களாமே. போச்சா?”

முகுந்தன் கையிலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தான்.

போகவில்லை. அன்று இதே துணியால் இரண்டு தடவை துடைத்தான். ஷாட் கெடுகிறதே என்றுதான் துடைத்தான். இரண்டாவது தடவையிலேயே தெரிந்துவிட்டது, பனி எந்தப் பக்கம் என்று. கேமராவைத் தோளில் வைத்தபடி, அது வருவதையும் போவதையும் பதினோரு விநாடி நின்று பார்த்தான். வாசலில் சவ வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மின்சுடலையில் நாலரைக்கு நேரம் குறித்திருந்தது. மரமூடியைத் தூக்கிப் பிடித்திருந்த நாலு பேரில் முன்னால் நின்ற கன்னையா அவன் முகத்தைப் பார்த்தார்.

“எடுத்தாச்சா பாஸ்? போதுமா?”

“போதும்ணே,” என்றான் முகுந்தன். “மூடுங்க.”