துடைக்காத மை

பாளையம்பட்டி விலக்கில் பகல் பன்னிரண்டு மணி டவுன் பஸ்ஸிலிருந்து நர்ஸ் ரோஸி இறங்கியபோது தலையில் முக்காடு இருந்தது. சர்ச்சுக்குள் முக்காடு போடுவது சரி. சித்திரை வெயிலில், கரிசல் வாய்பிளந்து கிடக்கிற பொழுதில் எதற்கு? புதிதாக மாற்றலாகி வந்தவள் என்று தெரு மூன்று நாள் பொறுத்தது. அதற்கு மேல் பொறுக்கிற தெரு அல்ல அது.

அடுத்த வீட்டு மாரிக்கனி நேராகவே கேட்டாள். "ஏங்க சிஸ்டர், தலையில என்ன புதையலா வச்சிருக்கீக?"

"பேனு," என்றாள் ரோஸி.

பேன் இல்லை. மை.

போன மார்ச்சில் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் கருத்தடை முகாம். ஐம்பது பேருக்கு ஆபரேஷன் நடந்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நாற்பத்தொன்பதில் நின்றது. பக்கத்து அறையில் தலைப்பிரசவம் முடிந்து, தையல் போடக் கொடுத்த மயக்க ஊசியில் ஒச்சம்மாள் கிடந்தாள். டாக்டர் ரோஸியைப் பார்த்தார். ரோஸி சம்மதப் படிவத்தில் 'பிள்ளைகள் மூன்று' என்று எழுதி, மயங்கிக் கிடந்தவளின் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். விரலின் குறுக்கே பழைய அரிவாள் தழும்பு. அதுவும் சேர்ந்தே விழுந்தது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு ஒச்சம்மாள் செத்துப்போனாள்.

விசாரணை வந்தது. உண்மையைச் சொன்னால் ரோஸிக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் பழி செத்தவள் தலையில்.

"முழிச்சுத்தான் இருந்தாக சார். கைநாட்டு வச்சுட்டு மையத் தலையில தேச்சுக்கிட்டாக. நானே பாத்தேன்," என்றாள் ரோஸி.

பொய்க்குப் பூச்சூடிப் பார்க்கிற கை அவளுக்கு. கைநாட்டு வைத்த விரலைத் தலைமயிரில் துடைப்பது ஊரில் எல்லாரும் செய்வதுதானே, யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஒச்சம்மாளின் புருஷன் கருத்தப்பாண்டி ரோஸியின் முகத்துக்கு நேரே வந்து நின்றான். "குளிப்பாட்டுனவுகளக் கேளு. விரல்ல மை அப்பிடியே இருந்துச்சு. தலையில ஒரு பொட்டு இல்ல. அவ எங்கடி தேச்சா? இனிமேதான் தேப்பா, இரு."

அதிகாரி ஃபைலைக் கட்டினார்.

மறுநாள் நண்பகல். மருந்து அறையில் ரோஸி தனியாக இருந்தாள். வெளியே காக்காய்கூடக் கத்தவில்லை. திடீரென்று ஸ்டாம்பு பேடு வாடை. அதற்கடியில் சீழ் வாடை.

திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

வகிட்டில் ஒரு விரல் பட்டது. குளிர்ந்த விரல்.

நிதானமாகத் தேய்த்தது. புரட்டித் தேய்த்தது. அதற்கு அவசரமே இல்லை.

கண்ணாடியில் பார்த்தால் ஊதாத் தீற்றல்.

அன்றிலிருந்து தினமும் அதே நேரம். சீயக்காய்க்குப் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. பாளையம்பட்டிக்கு மாற்றல் வாங்கினாள். விரலும் மாற்றல் வாங்கிக்கொண்டு கூடவே வந்தது.

ஒருநாள் முக்காடு விலகியதை மாரிக்கனி பார்த்துவிட்டாள். அப்புறம் விடுவாளா? கதை முழுவதையும் பிடுங்கிவிட்டுத்தான் எழுந்தாள்.

"நடந்தத ஒரு வெள்ளத்தாள்ல எழுதிக் குடுத்துத் தொலைங்களேன் சிஸ்டர்."

"வேல போயிருமே மாரி."

"அப்ப மசுரு போனாப் பரவால்லையாக்கும்?"

குத்தலாகத்தான் கேட்டாள். ரோஸியோ அதையே யோசனையாக எடுத்துக்கொண்டாள்.

வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். மாதாவுக்கு முடியைக் கொடுத்தாள். சொல்ல வேண்டியதை அங்கேயும் சொல்லவில்லை.

வந்த அன்று நண்பகல், சந்தனம் பூசிய மொட்டையோடு வாசல் அறையில் உட்கார்ந்திருந்தாள். முக்காடு இல்லை. மோர்ச் செம்போடு வந்த மாரிக்கனி பஸ்ஸில் கூட்டமா, சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், பாதிப் பேச்சில் நின்றாள். அவள் பேச்சு பாதியில் நின்றதை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

ஸ்டாம்பு பேடு வாடை அடித்தது.

"என்ன மாரி?"

செம்பு கீழே விழுந்து உருண்டது.

ரோஸியின் மொட்டை நடுவில், சந்தனத்தின் மேல், ஈரம் காயாத ஒரு பெருவிரல் பதிவு. மயிர் இருந்தவரை அது வெறும் தீற்றல். இப்போது ரேகை வரிவரியாகத் தெரிந்தது. குறுக்கே அரிவாள் தழும்பும் தெரிந்தது.

படிவத்தில் விழுந்ததைவிடத் தெளிவாக.