ஸ்தான்கோ மாமா வீட்டு நாரை

பாலர் பள்ளிக் குழந்தைகள் நாரை தேடக் கிளம்பினார்கள். மார்ச் முதல் தேதி கட்டிய சிவப்பு வெள்ளை நூல் எல்லார் மணிக்கட்டிலும் இருந்தது. வசந்தத்தோடு திரும்பி வரும் முதல் நாரையைப் பார்த்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம்.

நான்கு வயது ரூமென் கையில் மட்டும் நூல் இல்லை. அது அவன் சட்டைப் பையில் இருந்தது.

அவன் அக்கா வெலினாவுக்கு மதியம்தான் பள்ளி. அதனால் துணைக்கு வந்திருந்தாள். பாதி வழியில் பனி கொட்ட ஆரம்பித்தது.

“இவனாலதான் டீச்சர்,” என்றான் கிரில். “முன்னாடியே அவுத்துட்டான். வசந்தம் கோவிச்சுக்கிச்சு.”

“நான் நாரையைப் பாத்தேன்,” என்றான் ரூமென். “ஸ்தான்கோ மாமா வீட்டுல.”

எல்லாரும் சிரித்தார்கள். போன கோடையில் சிறகொடிந்த அந்த நாரை கோழிகளோடு கோழியாக அங்கேயே தங்கிவிட்டது.

“அது போகவே இல்லையே, எப்படித் திரும்பி வரும்? அது கணக்குல வராது,” என்றான் கிரில்.

“ஆனா அதுவும் நாரைதானே?” என்றாள் ஒரு சிறுமி.

எல்லாரும் யோர்தானா டீச்சரைப் பார்த்தார்கள். “நாரைதான். ஆனா...” டீச்சர் தலையைச் சொறிந்தார். “எனக்கே குழப்பமா இருக்கு.”

“திரும்பக் கட்டிக்கோடா,” என்றாள் வெலினா.

“அவுத்தா மறுபடி கட்டக் கூடாதாம். கிரில் சொல்றான்.” ரூமென் அழுதுவிட்டான். “அக்கா, நானா பனியை வரவச்சேன்?”

வெலினா அவனை இழுத்துக்கொண்டு ஸ்தான்கோ மாமா வேலிக்குப் போனாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

நாரை முதுகில் பனியோடு வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

“காலையிலேர்ந்து இப்படித்தான் நிக்குது,” என்றார் ஸ்தான்கோ மாமா. “அதோட கூட்டம் வருதான்னு பாக்குது.”

“அதுக்கு நூல் கட்டினீங்களா மாமா?” என்று கேட்டாள் வெலினா.

“ஆட்டுக்குட்டிக்குக் கட்டினேன். இதுக்குத் தோணலையே.”

வெலினா தம்பி பக்கம் திரும்பினாள். “உன் நூலை எடு. கால்ல கட்டினா சிக்கிக்கும், கோழிக்கூண்டுக் கதவுல கட்டு. இனிமே இது நாரையோட நூல். அது தன் கூட்டத்தைப் பாத்ததும் அவுக்கலாம்.”

ரூமென் மூன்று முடிச்சுப் போட்டான்.

“அதுக்கு அவுக்கத் தெரியாதே?” என்றான் கிரில்.

“நான் வந்து அவுத்து விடுவேன்,” என்றான் ரூமென்.

“அப்போ இந்தப் பனி?”

ஸ்தான்கோ மாமா சிரித்தார். “மார்ச்ல எந்த வருஷம்டா பனி கொட்டாம இருந்துது? அதுக்கு இந்தப் பொடியனா கிடைச்சான்?”

டீச்சருக்கு இன்னும் தெளியவில்லை. “வெலினா, கடைசியில இந்த நாரை கணக்குல உண்டா, இல்லையா?”

“தெரியல டீச்சர். ஆனா அதுவும் நம்மளை மாதிரி காத்துக்கிட்டுதான் இருக்கு.”

பனி நிற்கவில்லை. ரூமென் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேலியோரம் நாரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

“நீ அந்தப் பக்கம் பாரு,” என்றான் அதனிடம். “நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன்.”